பல்லைக் காத்த பால்: குத்துச்சண்டை மவுத்கார்டு பிறந்த கதை

குத்துச்சண்டை வளையத்தில் மணி அடிப்பதற்கு முன்னால் கடைசியாக நடக்கும் காரியம் ஒன்று உண்டு. வீரரின் கையில் உறை ஏறி, மணிக்கட்டில் கட்டும் போட்டாயிற்று. புருவத்திலும் கன்னத்திலும் வாசலின் தடவியாயிற்று. பத்து விரலும் உறைக்குள் போய்விட்டதால் இனி அவரால் தானாக ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. மூலையில் நிற்கும் பயிற்சியாளர், வளைந்த சிறு துண்டு ஒன்றைத் தண்ணீரில் அலசி அவர் வாயில் பொருத்துவார். வீரர் அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டு நடுவளையத்துக்கு நடப்பார். பயிற்சிக்கூடங்களில் அதை மவுத்கார்டு என்கிறார்கள். பிரிட்டிஷாருக்கு அது கம் ஷீல்டு. தமிழில் பற்காப்பு எனலாம்.

கையில் எடுத்தால் எடையே தெரியாது. வாய்க்குள் போய்விட்டால் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, சாம்பியன்களின் கையுறையைப் பற்றியும் இடுப்புப் பட்டையைப் பற்றியும் எழுதிக் குவித்தவர்கள் இதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள பீடோரில் இருந்துகொண்டு நான் இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பொருளுக்கு உருவம் கிடைத்தது இலண்டனில். ஆனால், அது எந்தப் பாலால் ஆனதோ அந்தப் பால் இந்தத் தீபகற்பத்தின் மரங்களில் சுரந்தது. முதலில் மலைக்காட்டு மரத்தில். அதற்குப் பிறகு, நம் பாட்டன் பாட்டிமார் உளியோடு நின்ற தோட்டத்து மரத்தில். பட்டப் பதிவேடுகளில் அந்தப் பங்குக்கு இடமில்லை. அதைச் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை முழுதாகும்.

கையுறை கொண்டுவந்த வினை

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பந்தயச் சண்டை வெறுங்கையால் நடந்தது. அதற்கு முதன்முதலில் எழுத்தில் விதி வகுத்தவர் ஜாக் பிராட்டன். தன் காலத்தின் மிகப் பெரிய வீரர். விதிகளை அவர் வெளியிட்டது 1743இல். தன்னிடம் பயில வந்த சீமான் வீட்டுப் பிள்ளைகள் முகம் சிதையாமல் வீடு திரும்ப வேண்டும் என்று, பஞ்சு திணித்த கையுறைகளையும் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவை பயிற்சிக்கு மட்டுமே. பந்தயம் என்று வந்தால் மறுபடியும் வெறுங்கைதான்.

வெறுங்கையால் எதிரியின் வாயில் குத்துவது குத்துகிறவருக்கே ஆபத்து. பல்லில் பட்டால் விரல் முட்டி கிழியும். நெற்றியில் பட்டால் கை எலும்பு முறியும். ஆகவே, அந்தக் கால வீரர்கள் தலையைக் குறிவைக்கும்போது தங்கள் கையையும் நினைத்துக்கொண்டே வீசினார்கள். 1867இல் இந்த நிலை மாறத் தொடங்கியது. ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் வகுத்து, குயின்ஸ்பரி பிரபுவின் பெயரைத் தாங்கி வெளிவந்த புதிய விதிகள்தான் இன்றைய குத்துச்சண்டைக்கு அடிப்படை. மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவர் எழுந்து நிற்கப் பத்து நொடி, இரு கையிலும் உறை.

கையுறை வந்ததால் சண்டை மென்மையானது என்று நினைத்துக்கொள்கிறோம். உறை முதலில் காத்தது குத்துகிறவரின் கையைத்தான். கை முறியும் என்ற அச்சம் விலகியதும் அடிகள் தாராளமாக முகத்துக்கு வந்தன. தாடையில் இறங்கும் ஒரு குத்து உதட்டை உள்ளிருந்து பல்லில் வைத்து நசுக்கும். உதடு கிழியும், பல் உடையும், உடைந்த பல் நாக்கை அறுக்கும். இதற்கு வீரர்கள் தாங்களே வைத்தியம் தேடினார்கள். பஞ்சுச் சுருள், துணிநாடா, கடற்பஞ்சுத் துண்டு, சிறு மரச்சில்லு என்று அகப்பட்டதைப் பல்லுக்கிடையே கடித்துக்கொண்டு இறங்கினார்கள். இறுகக் கடித்த தாடை ஆடாது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. ஆனால், வாய் சற்றுத் திறந்தால் துண்டு நழுவிவிடும்; தொண்டைக்குள் இறங்கினால் அதுவே ஆபத்து. பல்லோடு பொருந்தி நிற்கும் ஒன்றை உருவாக்கும் திறமை வீரர்களிடம் இல்லை. அது பல் வைத்தியரின் மேசையில் இருந்தது.

மலைக்காட்டின் பால்

1890களின் தொடக்கத்தில் இலண்டன் பல் மருத்துவர் உல்ஃப் கிராஸ் அந்த வேலையைச் செய்தார். குட்டா பெர்ச்சா என்னும் பொருளைப் பட்டையாக்கி, ஆட்டத்துக்கு முன் வீரரின் மேல்வரிசை முன்பற்கள் மேல் பதித்தார். உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே முதன்முறையாக ஒரு தடுப்புச் சுவர் நின்றது. பற்காப்பின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

ஏன் குட்டா பெர்ச்சா? அதன் குணம் அப்படி. சாதாரண வெப்பத்தில் கெட்டியாக இருக்கும். சுடுநீரில் போட்டால் இளகும். இளகிய நிலையில் எந்த உருவத்தில் அழுத்துகிறோமோ அந்த உருவத்தை ஏற்கும். ஆறியதும் அதே உருவத்தில் இறுகிவிடும். நீர் அதை அரிக்காது. ரப்பரும் குட்டா பெர்ச்சாவும் வேதியியல்படி உடன்பிறப்புகள். இரண்டுமே ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள். ரப்பரில் அந்தச் சங்கிலி வளைந்து சுருண்டு கிடக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். குட்டா பெர்ச்சாவில் சங்கிலிகள் நேராக நீண்டு ஒன்றின் பக்கத்தில் ஒன்று அடுக்கிக்கொள்ளும். ஆகவே அது துள்ளாது, இறுகி நிற்கும். பல் மருத்துவர்கள் இந்தக் குணத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கண்டுகொண்டு சொத்தைப் பல்லை அடைக்க அதைப் பயன்படுத்தினார்கள். வேர் சிகிச்சையில் பல்வேரின் குழியை நிரப்ப இன்றும் குட்டா பெர்ச்சாவைத்தான் வைக்கிறார்கள். உல்ஃப் கிராஸ் புதுப்பொருள் எதையும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தன் மேசையில் கிடந்ததற்குப் புது வேலை கொடுத்தார்.

அந்த மேசைக்கு அது வந்து சேர்ந்த வழிதான் நம்முடைய கதை. குட்டா பெர்ச்சா தரும் மரம் மலாயா, சுமத்திரா, போர்னியோ காடுகளுக்குச் சொந்தமானது. பேராக் காடுகளில் அதற்குத் தாபான் என்று பெயர். இங்குள்ள மக்கள் நெடுங்காலமாக அதன் பாலை இளக்கிக் கத்திப்பிடியும் கைப்பிடியும் செய்துவந்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி அதைக் கவனித்து 1843இல் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளுக்குள் அதற்கென்றே இலண்டனில் ஒரு நிறுவனம் முளைத்தது. கடல்நீரில் கெடாமல் மின்கம்பியைப் பொதிந்து வைக்க அதைவிட நல்ல பொருள் அன்று உலகில் இல்லை. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பி, 1866இல் அட்லாண்டிக்கைக் கடந்த கம்பி இரண்டுக்கும் மேலுறை குட்டா பெர்ச்சாதான்.

அதற்கு இந்தக் காடு கொடுத்த விலை பெரிது. இந்த மரத்தின் பால் கீறினால் வழிந்தோடி வராது. பட்டைக்குள்ளேயே உறைந்து நின்றுவிடும். ஆகவே மரத்தை வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி, ஊறிவரும் பாலைச் சேகரித்துக் காய்ச்சினார்கள். பல பத்தாண்டுகள் வளர்ந்த மரம் ஒன்றிலிருந்து கிடைத்தது மிகச் சொற்பம். சிங்கப்பூர்த் தீவில் அந்த மரம் விரைவிலேயே அருகிப்போக, வெட்டுக்கத்தி தீபகற்பத்தின் உட்காடுகளுக்குள் நகர்ந்தது. பீடோரின் கிழக்கே எழும் தித்திவங்சா மலைத்தொடரில் செமாய் பூர்வகுடிகள் இன்றும் வாழ்கிறார்கள். இத்தகைய மக்கள்தான் எந்த மரம் எந்தச் சரிவில் நிற்கிறது என்று அறிந்தவர்கள். பிரம்பும் பிசினும் காட்டுப் பாலும் அவர்கள் தோளில் இறங்கி வந்து, வணிகர் கை மாறி, கப்பல் ஏறின. இலண்டன் வீரரின் முன்பல்லில் பதிந்த பட்டைக்குப் பின்னால் சாய்க்கப்பட்ட மரம் ஒன்று உண்டு. அதைத் தேடிக் காட்டுக்குள் நடந்த ஒரு மனிதரும் உண்டு.

மகனும் தோட்டத்து ரப்பரும்

தகப்பன் தொடங்கியதைப் பொருளாக நிறைவு செய்தவர் மகன். பிலிப் கிராஸ் பல் மருத்துவர். அமெச்சூர் குத்துச்சண்டை வீரரும்கூட. அடி வாங்கும் வாய், அதைச் சரிசெய்யும் கை இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன. தகப்பன் ஆட்டத்துக்கு முன்னால் பட்டையைப் பதித்தார் என்றால், மகன் கழற்றி மாட்டக்கூடிய, திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய பற்காப்பை ரப்பரில் செய்தார். பல் வைத்தியர்களுக்கு ரப்பர் அந்நியமல்ல. கந்தகம் கலந்து வேகவைத்துக் கடினமாக்கிய ரப்பரில்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் பொய்ப்பல் தொகுதிகளைச் செய்துவந்தார்கள். வாயில் அச்செடுப்பது, அந்த அச்சில் ரப்பரை வார்ப்பது, ஈறு புண்ணாகாமல் ஓரத்தைத் தேய்ப்பது எல்லாம் அவர்களின் அன்றாடத் தொழில்.

ரப்பருக்கும் பேராக்குக்கும் உள்ள உறவை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. சிங்கப்பூருக்கு வந்தவற்றில் ஒன்பது கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ அவற்றை வளர்த்தார். அந்த முதல் மரங்களில் ஒன்று இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பட்டையை மெல்லிய இழையாகச் சீவி, பழைய வெட்டின் ஓரத்தையே மறுபடி திறக்கும் முறை அது. தாபான் மரத்துக்குக் கிடைக்காத வாழ்வு பால்மரத்துக்குக் கிடைத்தது.

ஆனால் அந்த இழையைத் தினமும் சீவியது ரிட்லி அல்ல. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தபோது, கங்காணிகள் வழியே தமிழ்நாட்டிலிருந்து ஆள்கள் பெருந்திரளாக வந்துகொண்டிருந்தார்கள். பீடோர் அடங்கிய பத்தாங் பாடாங் வட்டாரத்தில் லம்பம் எனப்படும் ஈயச் சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே தோட்டங்கள் பரவின. பீடோர் தகான், பீக்காம் போன்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களாக நிலைத்திருக்கின்றன. விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரவரிசையாகிய நெரைக்குள் நுழைய வேண்டும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறையும், பால் ஓட்டம் மட்டுப்படும். ஆகவே சில நூறு மரங்களையும் காலையிலேயே வெட்டி முடிக்க வேண்டும். உளி ஆழமாக இறங்கினால் மரத்தின் வளர்திசு காயப்படும், பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், மேற்பார்வை பார்க்கும் தண்டலின் ஏச்சு விழும். மேலோட்டமாக வெட்டினால் பால் பிடிக்கும் மங்கில் பால் சேராது. அட்டையும் கொசுவும் நிறைந்த அந்த நெரைகளில், மில்லிமீட்டர் கணக்கில் கை பழகிய ஆண்களும் பெண்களும் நாள்தோறும் செய்தது நுட்பமான கைத்தொழில். காய்ச்சலில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஆலைக்கும் போன பால், அமிலம் கலந்து உறைந்து, உருளையில் நசுங்கித் தாளாகி, புகைக்கூடத்தில் உலர்ந்து கப்பலேறியது. 1910களின் முதற்பாதியில்தான் உலகச் சந்தையில் தோட்டத்து ரப்பர் காட்டு ரப்பரை முந்தியது. பிலிப் கிராஸின் பற்காப்பு வளையத்துக்குள் நுழைந்ததும் அதே ஆண்டுகளில்.

இந்த இரண்டு பால்களுக்கும் உள்ள வேறுபாடு என் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. மரத்தைச் சாய்த்து எடுத்த பால், ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாகப் பதிக்க வேண்டிய பட்டையானது. மரத்தை வாழவிட்டு எடுத்த பால், வீரர் தன்னோடு ஊர் ஊராகக் கொண்டுபோகும் உடைமையானது.

கிட் லூயிஸின் வாய்

புதுப்பொருளுக்கு அதைத் துணிந்து போட்டுக்கொள்ளும் ஆள் வேண்டும். பிலிப் கிராஸுக்கு அப்படி ஒரு நண்பர் கிடைத்தார். கெர்ஷோன் மெண்டலாஃப் என்ற இயற்பெயர் கொண்ட டெட் ‘கிட்’ லூயிஸ், கிழக்கு இலண்டனின் ஏழை யூதக் குடியிருப்பில் பிறந்தவர். 1909இல், மீசை முளைக்காத வயதில், தொழில்முறை ஆட்டத்துக்கு வந்துவிட்டார். 1913இல் பிரிட்டனின் ஃபெதர்வெயிட் சாம்பியன் ஆனார். அந்த ஆண்டிலேயே பற்காப்பு அணிந்து ஆடியவர் என்றும், அவ்வாறு ஆடிய முதல் தொழில்முறை வீரர் என்றும் பல் மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் நிற்கிறது. 1915இல் அமெரிக்காவில் உலக வெல்டர்வெயிட் பட்டத்தை வென்றார். தன் எடையை மீறி மேலே மேலே போய், 1922இல் பிரெஞ்சு வீரர் ஜார்ஜ் கார்பன்டியேயிடம் லைட்ஹெவிவெயிட் பட்டத்துக்கும் மோதினார்.

லூயிஸின் பெரும்பகை அமெரிக்கர் ஜாக் பிரிட்டன். இருவரும் 1915 முதல் 1921 வரை இருபது முறை மோதினார்கள். கடைசி மோதல் 1921 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். வளையத்துக்குள் நின்ற லூயிஸின் வாயில் ரப்பர் இருப்பதைப் பார்த்த ஜாக் பிரிட்டனின் மேலாளர் டான் மார்கன், இது செயற்கைத் துணை, விதிக்குப் புறம்பு என்று ஆட்சேபித்தார். ஆட்சேபம் ஏற்கப்பட்டது. பற்காப்பைக் கழற்றிவிட்டு ஆடிய லூயிஸ் பதினைந்து சுற்று முடிவில் தோற்றார்.

இந்த நிகழ்ச்சியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எதிரியைத் தாக்கப் பயன்படாத, தன் பல்லை மட்டும் காக்கும் ஒரு பொருளை வஞ்சகம் என்று அன்று சொல்ல முடிந்தது. அடி தாங்குவதுதான் வீரம், காப்பு தேடுவது கோழைத்தனம் என்ற எண்ணம் விளையாட்டுகளில் மட்டும் இல்லை. சுரங்கத்திலும் ஆலையிலும் தோட்டத்திலும்கூட இருந்தது. காப்புப் பொருள்கள் எல்லாமே இந்த எண்ணத்தோடு மோதி வென்றுதான் புழக்கத்துக்கு வந்தன.

பற்காப்பின் வெற்றி ஒரு வீரரின் தோல்வியில் வந்தது. 1927 மார்ச் 3ஆம் நாள் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முன்னாள் லைட்ஹெவிவெயிட் சாம்பியன் மைக் மெக்டீக், ஜாக் ஷார்க்கியோடு மோதினார். மெக்டீக் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் உடைந்த பல் ஒன்று அவர் வாயைக் கிழித்தது, குருதி நிற்கவில்லை. பன்னிரண்டாம் சுற்றில் ஆட்டத்தை நிறுத்தி ஷார்க்கியை வெற்றியாளராக அறிவித்தார்கள். ஷார்க்கி பின்னாளில் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வென்றிருக்கக்கூடிய ஆட்டத்தை ஒரு பல்லால் இழந்தார் மெக்டீக். அதன் பிறகு பற்காப்பை வஞ்சகம் என்று சொல்ல யாருக்கும் வாய் எழவில்லை. சில ஆண்டுகளில் அது ஏறக்குறைய எல்லா வீரரின் வாயிலும் இருந்தது.

கோலாலம்பூர் வந்த பிரிட்டிஷ் ஹெவிவெயிட்

அரை நூற்றாண்டு கழித்து, பால்மரம் சூழ்ந்த இந்த நாட்டுக்கே உலக ஹெவிவெயிட் பட்டப் போட்டி வந்தது. 1975 ஜூலை 1. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். ஒரு மூலையில் முகமது அலி, மறு மூலையில் பிரிட்டனின் ஜோ பக்னர்.

பக்னரின் வாழ்க்கை தோல்விக்குப் பயப்படாத ஒருவரின் வாழ்க்கை. 1950இல் ஹங்கேரியில் பிறந்தவர். 1956 எழுச்சியைச் சோவியத் படை நசுக்கியபோது அவர் குடும்பம் அகதியாக இங்கிலாந்து சேர்ந்து, செயின்ட் ஐவ்ஸ் என்ற சிற்றூரில் குடியேறியது. பள்ளியில் வட்டெறிதல் சாம்பியன். அமெச்சூர் வீரராகப் பதினாறு ஆட்டங்கள் ஆடிப் பதின்மூன்றில் வென்றார். 1967இல் பதினேழு வயதில் தொழில்முறைக்கு மாறியவர் முதல் ஆட்டத்திலேயே நாக் அவுட் ஆனார். அங்கேயே ஒதுங்கிவிடாமல் அடுத்தடுத்து வெற்றிகளைக் குவித்தார். 1971இல் பிரிட்டனின் அன்புக்குரிய ஹென்றி கூப்பரைப் பதினைந்து சுற்றில் கால் புள்ளி வித்தியாசத்தில் வென்று பிரிட்டிஷ், காமன்வெல்த், ஐரோப்பியப் பட்டங்களைப் பெற்றார். அந்தத் தீர்ப்புக்காகச் சொந்த நாட்டு ரசிகர்கள் அவரை நெடுங்காலம் மன்னிக்கவில்லை. 1973இல் லாஸ் வேகஸில் அலியோடு பன்னிரண்டு சுற்று, அதே ஆண்டு இலண்டனில் ஜோ ஃபிரேசியரோடு பன்னிரண்டு சுற்று. இரண்டிலும் தோல்வி, இரண்டிலும் கடைசி மணி வரை நின்றார்.

கோலாலம்பூரிலும் அப்படித்தான். அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரவு நேரத்துக்கு ஒத்துவர வேண்டும் என்று ஆட்டத்தை இங்கே காலையில் வைத்தார்கள். நம் ஜூலை வெயில் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தப் புழுக்கத்தில் பதினைந்து சுற்று, நாற்பத்தைந்து நிமிடம். வாயில் பற்காப்பைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சிழுப்பது குளிர்ந்த அரங்கிலேயே சிரமம். பதினான்கு இடைவேளை. ஒவ்வொன்றிலும் மூலைக்காரர் அதை எடுத்து, எச்சிலும் குருதியும் போக அலசி, மணி அடிக்குமுன் திரும்பப் பொருத்த வேண்டும். அலி புள்ளிக் கணக்கில் ஒருமனதாக வென்றார்.

மூன்றே மாதத்தில், அக்டோபர் 1ஆம் நாள், மணிலாவில் அலியும் ஃபிரேசியரும் மூன்றாம் முறையாக மோதினார்கள். அதன் பதின்மூன்றாம் சுற்றில் அலியின் குத்து ஒன்று ஃபிரேசியரின் பற்காப்பைப் பெயர்த்துப் பார்வையாளர் பக்கம் பறக்கவிட்டது. பதினான்காம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் எடி ஃபட்ச் தன் வீரரை மேலும் ஆடவிட மறுத்தார்.

பக்னர் 1986இல் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். நாற்பத்தெட்டு வயதில்கூட ஒரு சிறிய உலக அமைப்பின் பட்டத்தை வென்றார். 1999 வரை 83 தொழில்முறை ஆட்டங்கள். 69 வெற்றி, 13 தோல்வி, ஒன்று சமன். 2025 செப்டம்பரில் பிரிஸ்பேனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், எழுபத்தைந்தாம் வயதில் காலமானார்.

காப்பின் எல்லை

பற்காப்பு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதில் தெளிவு வேண்டும். பல்லையும் உதட்டையும் நாக்கையும் அது காக்கும், இதில் ஐயமில்லை. தாடைகள் மோதிக்கொள்ளும் அதிர்ச்சியை ஓரளவு வாங்கிக்கொள்ளும். எலும்பு முறியவே முறியாது என்ற உறுதியை அது தராது. பற்காப்பு எங்கும் பரவிவிட்ட 1973இல்தான் கென் நார்ட்டனின் குத்தில் அலியின் தாடை உடைந்தது. மூளை அதிர்ச்சியைப் பற்காப்பு தடுக்கும் என்பதற்கு இதுவரை உறுதியான சான்று இல்லை. 1969இல் பக்னரோடு மோதிய திரினிடாட் வீரர் உல்ரிக் ரெஜிஸ், ஆட்டத்துக்குப் பின் மூளைக் காயத்தால் இறந்தார். வாயில் கவசம் இருக்கிறது என்ற துணிச்சலில் தலையைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஆட்டத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிந்த நடுவரும் பயிற்சியாளரும்தான் மூளைக்குக் காவல்.

பொருளும் மாறிக்கொண்டே வந்தது. 1947இல் லாஸ் ஏஞ்சலஸ் பல் மருத்துவர் ராட்னி லிலிக்விஸ்ட் ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கில் மெல்லிய பற்காப்பு செய்து, அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்குப் பொருத்தினார். அதன் வழியே அது குத்துச்சண்டையைத் தாண்டிப் பிற விளையாட்டுகளுக்கும் சென்றது. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. வாங்கி வந்து வெந்நீரில் போட்டு, இளகியதும் எடுத்து, சூடு தாங்கும் பதத்தில் வாயில் வைத்துக் கடித்து, விரலால் ஈறோடு அழுத்தினால் நம் பல்லின் அச்சு அதில் பதியும். சுடுநீரில் இளகி, ஆறியதும் இறுகும் அந்தக் குணம்தான் 1890களின் தொடக்கத்தில் உல்ஃப் கிராஸுக்குத் தாபான் பாலில் கிடைத்தது. பால் போய்ப் பிளாஸ்டிக் வந்துவிட்டது. அவர் கண்ட வழி அப்படியே நிற்கிறது.

பீடோரைச் சுற்றியிருந்த நெரைகளும் பெருமளவு செம்பனையாகிவிட்டன. பால்வெட்டுத் தெரிந்த கைகள் முதிர்ந்துவிட்டன. அந்தக் கைகளின் உழைப்பு கார்ச் சக்கரமாகவும் மருத்துவரின் கையுறையாகவும் உலகெங்கும் போனது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. விளையாட்டு வீரரின் பல்லைக் காத்த பொருளிலும் பால்மரத்துக்கும் அதை வெட்டியவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். பெருமை பேசிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. தங்கள் காலுக்குச் செருப்பும் காய்ச்சலுக்கு மருந்தும் சரியாகக் கிடைக்காத மக்கள், முகம் தெரியாத யாரோ ஒருவரின் உடலைக் காக்கும் பொருளுக்கு மூலம் தந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் விளையாட இறங்கும்போது அந்தக் காப்பு இல்லாமல் இறங்கக் கூடாது.

ஆகவே, பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் ஒரு வேண்டுகோள். குத்துச்சண்டைக்கு மட்டுமல்ல, டேக்வாண்டோவுக்கும், ஈப்போ பெயர்பெற்ற ஹாக்கிக்கும், கம்பு சுழலும் சிலம்பத்துக்கும் பற்காப்பு வேண்டும். வளரும் பிள்ளைக்குப் பல் மாறும்; சென்ற ஆண்டு பொருந்தியது இந்த ஆண்டு பொருந்தாது, சரிபார்த்து மாற்றுங்கள். கம்பி போட்ட பல்லாக இருந்தால் கடைச் சரக்கை நம்பாமல் பல் மருத்துவரிடம் அச்செடுத்துச் செய்யுங்கள். ஒலிம்பிக் வகைக் குத்துச்சண்டையில் சிவப்பு நிறப் பற்காப்புக்கு அனுமதி இல்லை. வாயில் குருதி வந்தால் நடுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே காரணம். பயன்படுத்தியதும் குளிர்ந்த நீரில் கழுவிக் காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் உருவம் கெடும். ஒருவரின் பற்காப்பை இன்னொருவர் போட்டுக்கொள்ளக் கூடாது. பயிற்சி ஆட்டம்தானே என்று கழற்றி வைக்கவும் கூடாது. பல் உடைவதற்கு ஒரு குத்து போதும், அது பயிற்சியிலும் விழும். 1921இல் லூயிஸின் வாயிலிருந்து காப்பைக் கழற்ற வைத்தார்கள். இன்று அதைப் போட்டுக்கொள்ள யாரும் தடை சொல்வதில்லை. நம் பிள்ளை போட்டுக்கொண்டு இறங்குகிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் நம் பொறுப்பு.